பால் பல்தானே

அந்தக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் குழந்தைகளுக்குப் பல் பார்க்க இரண்டு அறைகள். இரண்டுக்கும் நடுவில் முழுச் சுவர் கிடையாது. ஆள் உயரத்துக்கு ஒரு பலகைத் தடுப்பு, அதற்கு மேலே கூரை வரைக்கும் வெறும் காற்று. இந்தப் பக்கம் யாராவது அழுதால் அந்தப் பக்கம் கேட்கும். அந்தப் பக்கம் யாராவது சிரித்தால் இந்தப் பக்கம் ஒருத்திக்கு வயிறு எரியும்.

அந்த ஒருத்தியைக் காத்திருப்போர் கூடத்தில் எல்லாரும் அதட்டல் டாக்டர் என்பார்கள். முகத்துக்கு நேரே இல்லை, அந்தத் தைரியம் யாருக்கும் வராது. அடுத்த அறைக்காரர் சிரிப்பு டாக்டர். சீட்டு வாங்கும்போதே அம்மாக்கள், "எங்களுக்குச் சிரிப்பு டாக்டர்கிட்ட போடுங்க" என்று கெஞ்சுவார்கள். அங்கே இடம் கிடைக்காதவர்கள் இவளிடம் வருவார்கள், "சமத்தா இரு, இல்லன்னா இவங்க திட்டுவாங்க" என்று குழந்தையின் காதில் ஓதிக்கொண்டே. உள்ளே நுழையும்போதே குழந்தைக்கு வாயெல்லாம் எச்சில் ஊறியிருக்கும். அதற்கும் சேர்த்து அவளுக்குக் கோபம் வரும்.

வீட்டில் அவள் பெரியவள், தங்கை சின்னவள். அம்மா துணி ஆலையில் ஷிப்ட் முறையில் வேலை பார்த்தாள். ஆகவே சின்னவளைக் குளிப்பாட்டித் தலைவாரிப் பள்ளிக்கூடத்தில் விடுவது பெரியவளின் பொறுப்பாயிற்று. பெரியவளுக்கு ஏழு வயதில் கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்று வலியெடுத்துக் கன்னம் வீங்கியது. அப்பா ஒரு பல் டாக்டரிடம் கூட்டிப் போனார். அந்த மனிதர் எட்டிப் பார்த்துவிட்டு, "பால் பல்தானே, எப்படியும் விழப்போறது" என்றார். ஊசி போட்ட இடம் மரத்துப் போகும் வரை காத்திருக்கக்கூட அவருக்குப் பொறுமை இல்லை. பிடுங்கிப் போட்டார்.

அந்தப் பல் இன்னும் சில வருடம் இருந்து, பின்னால் வரப்போகும் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருக்க வேண்டியது. பஸ்ஸில் துண்டு போட்டு வைத்த சீட்டிலிருந்து துண்டை எடுத்துவிட்டால் என்ன ஆகுமோ அதுதான் அங்கேயும் ஆயிற்று. பக்கத்துப் பல் நகர்ந்து சாவகாசமாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டது. புதுப் பல் நிற்க இடமில்லாமல் நாக்குப் பக்கமாக முளைத்தது. இளம் வயது முழுக்கப் பெரியவள் வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் சிரித்தாள். பிறகு அதுவும் தொந்தரவாக இருக்கவே, சிரிப்பதைக் குறைத்துக்கொண்டாள்.

பல் மருத்துவப் படிப்புக்கு நேர்முகத் தேர்வில் ஏன் வந்தாய் என்று கேட்டபோது, சேவை செய்ய என்று சொன்னாள். உண்மையில் பல்லைப் பிடுங்கிய அந்த மனிதர் மேல் இருந்த ஆத்திரத்தில்தான் படித்தாள். படிக்கும் காலத்திலேயே தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு சின்னவளைச் சுவரோரம் நிறுத்தி, வாயில் டார்ச் அடித்துப் பார்ப்பாள். சின்னவளுக்கு அது இன்றைக்கும் ஆறவில்லை. "மத்தவங்க அக்காவெல்லாம் ரிப்பன் கட்டி விடுவாங்க, எங்கக்கா டார்ச் அடிப்பா" என்று கல்யாணமான பிறகும் சொல்லிக் காட்டுவாள்.

பெரியவளைக் கட்டிக்கொண்டவர் ரேடியோ, டிவி ரிப்பேர் பார்ப்பவர். "சத்தத்தைக் குறைக்கிற வித்தை தெரிஞ்சவருக்குத்தான் இவ சரிப்படுவா" என்பதும் சின்னவளின் கேலிதான். ஒரே மகன். அவனுக்கு ஒரு சொத்தைப் பல்கூடக் கிடையாது. வேலைக்காக வெளியூரில் இருக்கிறான். போன் செய்வது அபூர்வம். எடுத்ததும் அம்மா பல்லைத்தான் விசாரிப்பாள் என்று அவனுக்குத் தெரியும்.

அவளுடைய அன்றாட வேலையில் பாதி, குழந்தைகளின் கடைவாய்ப்பல்லுக்குப் பூச்சு போடுவது. கடைவாய்ப்பல்லின் மேலே பள்ளமும் கோடுமாக இருக்கும். தின்ற பிஸ்கட் அங்கே போய்க் குடியேறும். பிரஷ்ஷின் நுனி அதற்குள் நுழையாது. அந்தப் பள்ளத்தை மூடிவிட்டால் சொத்தை பெரும்பாலும் அண்டாது. முதலில் பல்லைச் சுத்தம் செய்து, ஒரு நீல நிற ஜெல்லைத் தடவ வேண்டும். நாக்கில் பட்டால் புளிக்கும். அது பல்லின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கும். கழுவிக் காற்றடித்துக் காய வைத்தால் பல் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி பளபளப்பில்லாத வெள்ளையாகும். அந்த வெள்ளையில்தான் பூச்சு பிடிக்கும். பூசி, நீல விளக்கைக் காட்டினால் இறுகிவிடும்.

இவ்வளவுதான் வேலை. ஆனால் அந்த வெள்ளை தெரிந்த பிறகு, பூச்சு விழுவதற்கு முன்னால், எச்சில் பட்டால் போச்சு. மறுபடியும் ஜெல்லிலிருந்து தொடங்க வேண்டும். துடைத்துக் காற்றடித்துவிட்டு மேலே பூசினால் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். ஈரச் சுவரில் அடித்த பெயிண்டும் முதல் வாரம் நன்றாகத்தான் இருக்கும்.

ஒழுங்காகச் செய்ய இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பூச, இன்னொருவர் நாக்கை ஒதுக்கி எச்சிலை உறிஞ்சும் குழாயைப் பிடிக்க. முன்பு ஒவ்வொரு நாற்காலிக்கும் ஓர் உதவியாள் இருந்தார். பால் பல்லுக்கு எதற்கு இத்தனை ஆள் என்று மேலிடம் அவர்களை வேறு மாடிக்கு மாற்றிவிட்டது. மிச்சமிருந்த இரண்டு கைகளை வைத்து ஆளுக்கொரு வழி கண்டுபிடித்தார்கள். பெரியவள் குழந்தையின் தலையை முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, "வாய மூடினா மொதல்லேர்ந்து ஆரம்பிப்பேன்" என்று அதட்டியே முடித்துவிடுவாள். சிரிப்பு டாக்டர் குரங்குக் கதை சொல்வார். குழந்தை முகம் சுளித்தால், "வலிக்குதா கண்ணு, மூடிக்கோ, துப்பிக்கோ" என்பார். அந்தப் பக்கம் அவர் "துப்பிக்கோ" என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் இந்தப் பக்கம் பெரியவள் பல்லைக் கடிப்பாள். கூட வேலை செய்கிறவர், வயதில் இளையவர், மரியாதையானவர். என்ன சொல்ல முடியும்?

சின்னவளின் மகளுக்குச் செல்லப்பெயர் சுண்டு. ஆள் சின்னது, வாய் பெரியது. நாலு வயதில் அவளைப் பெரியவளிடம்தான் கொண்டுவந்தார்கள். பெரியவள் சொந்தக் குழந்தை என்று தனி முறையெல்லாம் வைத்துக்கொள்ளவில்லை. மற்றவர்களை இடுக்கியது போல இடுக்கி, மற்றவர்களை அதட்டியது போல அதட்டினாள். சுண்டு அவளுடைய ஆள்காட்டி விரலைக் கடித்தாள். ரத்தம் வந்தது. பெரியவள், "வாயத் தொற, கழுதை" என்று இன்னும் உரக்கக் கத்தினாள்.

சின்னவள் குழந்தையைப் பறித்து எடுத்துக்கொண்டாள். "என் புள்ளய அதட்ட நீ யாரு? என் வாயில டார்ச் அடிச்சது பத்தாதா? உனக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதுக்கா."

"ஈரம் பல்லுல இருந்தா பூச்சு நிக்காதுடி" என்றாள் பெரியவள். அதைச் சொல்ல வேண்டிய நேரம் அது அல்ல.

அன்றோடு பேச்சு நின்றது. பல மாதம் கழித்துச் சின்னவள் மகளை அடுத்த அறைக்குக் கூட்டிப் போனாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் சுண்டு சிரிக்கும் சத்தத்தைப் பெரியவள் கேட்டாள். மற்றச் செய்தியெல்லாம் ரேடியோக்காரர் வழியாக வந்தது. சின்னவள் அவருக்குத்தான் போன் செய்வாள். இடது பக்கப் பல் சொத்தையாகிக் கன்னம் வீங்கிப் பிடுங்கியாயிற்று என்றார் ஒரு நாள். வலது பக்கம் போட்ட பூச்சு விழுந்துவிட்டது என்றார். திரும்பப் போட்டார்களாம் என்றார். அதுவும் விழுந்துவிட்டதாம் என்றார்.

"அந்த டாக்டர் என்ன சொல்றாராம்?" என்று பெரியவள் கேட்டாள்.

"பால் பல்லுல அவ்வளவா ஒட்டாதாம். ஒட்டினவரைக்கும் லாபமாம். இன்னொரு தடவ பாத்துட்டு, நிக்கலன்னா விட்டுடலாம்னு உன் தங்கச்சி சொல்றா. எப்படியும் விழுற பல்லுதானேன்னு..." மனைவியின் முகத்தைப் பார்த்து அவர் வாக்கியத்தை முடிக்காமல் பழைய ரேடியோ ஒன்றைத் திருகத் தொடங்கினார்.

ஒரு பக்கம் பிடுங்கியாயிற்று. மற்றப் பக்கமும் போனால், இரண்டு பக்கமும் துண்டு எடுத்த சீட்டு. தன் வாயில் நடந்தது அந்தச் சின்ன வாயில் இரட்டிப்பாக நடக்கும். பெரியவளால் சாப்பிட முடியவில்லை. பட்டினி கிடந்தாள் என்றில்லை. கோபத்தில் மெல்லாமல் விழுங்கினாள்.

சின்னவள் மகளோடு வந்த நாள் கூடத்தில் நல்ல கூட்டம். இரண்டு அறைக்கும் நீல விளக்கு ஒன்றுதான். மற்றது பழுதாகி ஒரு மூலையில் கிடந்தது. பெரியவள் ஒரு குழந்தையை முடித்து அனுப்பிக் கை கழுவிக்கொண்டிருந்தபோது தடுப்புக்கு மேலாகச் சிரிப்பு டாக்டரின் குரல் வந்தது.

"அக்கா, லைட் கொஞ்சம் தர்றீங்களா?"

எடுத்துக்கொண்டு போனாள். நாற்காலியில் சுண்டு. பக்கத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு சின்னவள். அக்காவைக் கண்டதும் சின்னவள் ஜன்னலைப் பார்த்தாள். சுண்டு தண்ணீர்க் கோப்பையை வாயிலிருந்து அப்போதுதான் எடுத்தாள். உதட்டில் எச்சில் நூலாகத் தொங்கியது. சிரிப்பு டாக்டர் துடைத்துவிட்டு, "அவ்ளோதான், ராசாத்தி, குரங்கு மரத்துல ஏறிடுச்சு" என்று பல்லில் காற்றை ஒரு தடவை அடித்தார்.

"இப்ப துப்பினாளா?" என்றாள் பெரியவள்.

"ஆமாக்கா. ரொம்ப நேரம் தொறந்து வெச்சிருந்தா, பாவம்."

"ஜெல்லைக் கழுவினதுக்கு அப்புறமா?"

"காத்து அடிச்சாச்சுக்கா. காஞ்சிடுச்சு."

"காஞ்சது கெடக்கட்டும். வெள்ளையா இருக்கா?"

பெரியவள் குனிந்து பார்த்தாள். பல் வழவழவென்று மின்னியது. நல்ல ஆரோக்கியமான மினுமினுப்பு. பூச்சு பிடிக்காத மினுமினுப்பு.

"அக்கா, நீ லைட்டக் குடுத்துட்டுப் போ" என்றாள் சின்னவள், ஜன்னலைப் பார்த்தபடியே.

பெரியவள் விளக்கைக் கொடுத்தாள். போகவில்லை. சிரிப்பு டாக்டருக்கும் ரோஷம் உண்டு. இவள் நிற்கிறாள் என்பதற்காகவே அவர் நிதானமாகப் பூசினார், விளக்கைக் காட்டினார், "முடிஞ்சது, செல்லம்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் பெரியவள் தட்டிலிருந்த கூர்முனைக் கம்பியை எடுத்துப் பூச்சின் ஓரத்தில் வைத்து நெம்பினாள். அது முழுசாகக் கழன்று வந்தது. காய்ந்த நகப்பூச்சு உரிவது போல, கொஞ்சமும் எதிர்ப்பில்லாமல். அதைப் பஞ்சின் மேல் வைத்து அவர் முன்னால் நீட்டினாள்.

"பால் பல்லுல ஒட்டாதா, எச்சில்ல ஒட்டாதா?"

அந்த அறையில் முதல் தடவையாக யாரும் சிரிக்கவில்லை. கூடத்தில் இருந்தவர்கள்கூடப் பேச்சை நிறுத்திவிட்டார்கள். தடுப்புக்கு மேலே இருந்த வெறும் காற்று தன் வேலையைச் செய்தது.

சிரிப்பு டாக்டர் கையுறையைக் கழற்றினார். அவர் குரல் உயரவில்லை. ஆனால் அதில் இனிப்பு இல்லை. "சரிக்கா. நான் பண்ணினது தப்பு. நீங்க ஒண்ணு சொல்லுங்க. உங்ககிட்ட ஒரு பல்லுக்குப் பூச்சு போட்டுக்கிட்ட புள்ளைங்க எத்தன பேர் அடுத்த பல்லுக்குத் திரும்பி வந்தாங்க? வாசல் வரைக்கும் வந்து அழுதுட்டுத் திரும்பிப் போறத நான் தினம் பாக்கறேன். ஒரு பல்லைக் காப்பாத்திட்டு மூணு பல்லை விட்டுடறீங்க."

பெரியவள் வாயைத் திறந்தாள். அதற்குள் சின்னவள் எழுந்துவிட்டாள்.

"இந்தப் பக்கப் பல்லு ஏன் போச்சு தெரியுமா?" மகளின் இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். "உன்கிட்ட வந்துட்டுப் போன நாள்லேர்ந்து இவ வாயத் தொறக்க மாட்டேன்னுட்டா. பிரஷ்ஷ எடுத்தாலே ஓடுவா. மாசக்கணக்கா பல்லே தேய்க்கல. நானும் மல்லுக்கட்டி ஓஞ்சு போய் விட்டுட்டேன். அதுலதான் போச்சு. உன் டார்ச்சுக்கு என் பல்லு தப்பிச்சுது, என் பொண்ணு பல்லு தப்பிக்கல." பிறகு சிரிப்பு டாக்டர் பக்கம் திரும்பினாள். "நீங்களும்தான். மூணு தடவ. ஒட்டாது ஒட்டாதுன்னீங்க. நானும் நம்பினேன்."

பெரியவளுக்குக் கோபம் தீரவில்லை. ஆனால் இத்தனை வருடம் கையோடு வைத்திருந்த அந்தக் கோபத்தை இப்போது எங்கே இறக்கி வைப்பது என்று தெரியவில்லை. பஞ்சும் கையுமாக நின்றாள்.

"நான் இங்க ஒக்காந்திருக்கேன்ல?" என்றது ஒரு குரல்.

மூன்று பேரும் திரும்பினார்கள். சுண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. மூக்குத் துவாரம் இரண்டும் விரிந்து, காது மடல் சிவந்திருந்தது.

"எல்லாரும் என் பல்லுக்குச் சண்ட போடுறீங்க. ஒருத்தரும் ஒழுங்காப் பண்ணல. டாக்டர் மாமா கதையும் ஒரே கதை. குரங்கு ஏறும், எறங்கும், ஏறும். பெரியம்மா கத்துவாங்க. எனக்கு வாய் வலிக்குது. எனக்குக் கோவமா வருது."

அந்த முகத்தைப் பெரியவள் உற்றுப் பார்த்தாள். அவளுக்குக் குழந்தைகளின் வாய் தெரியும். பயந்த குழந்தை உதட்டை இறுக்கி மூடும், உள்ளே எச்சில் குளம் கட்டும். இந்த வாய் பயந்த வாய் இல்லை. திறந்திருந்தது, உதடு காய்ந்திருந்தது. அதோடு அந்த முகத்தை அவள் எங்கே பார்த்திருக்கிறாள் என்பதும் தெரிந்தது. தினமும் காலையில் கை கழுவும் தொட்டிக்கு மேலே இருக்கும் கண்ணாடியில்.

"சரியாச் சொன்ன" என்றாள். "ஒருத்தரும் ஒழுங்காப் பண்ணல. இப்ப கேளு. வலிக்காது. புளிக்கும், கசக்கும், வாய் வலிக்கும். நடுவுல மூடினா மறுபடியும் மொதல்லேர்ந்து. உன்னைப் பிடிக்க மாட்டேன். பண்ணலாமா, வேணாமா?"

"கத்துவியா?"

"மாட்டேன்."

"நான் கத்துவேன்."

"கத்து. வாயத் தொறந்தபடியே கத்து. எனக்கு அது வசதி."

சுண்டு யோசித்தாள். "கதை வேணாம்" என்று சிரிப்பு டாக்டரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் படுத்தாள்.

பெரியவள் ஒரு ஸ்டூலைக் காலால் தள்ளினாள். "டாக்டர், நீங்க சக்ஷன் குழாயப் பிடிங்க. நாக்கையும் நீங்களே பாத்துக்கங்க. நான் பூசறேன்."

அவர் ஒரு நொடி நின்றார். அது உதவியாள் செய்யும் வேலை. பிறகு புதுக் கையுறையை மாட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தார். உறிஞ்சு குழாயை வைத்த கையைப் பார்த்ததும் பெரியவளுக்கு அவர் மேல் கொஞ்சம் மதிப்பு வந்தது. ஒரு குழந்தையின் கன்னத்தை வலிக்காமல் ஒதுக்க இந்த ஆளுக்குத் தெரியும். அது அவளுக்கு இன்றுவரை வரவில்லை.

நீல ஜெல் பட்டதும் சுண்டு திட்டத் தொடங்கினாள். வாயைத் திறந்தபடி திட்டுவதால் எல்லாச் சொல்லும் "ஆ"வாகவே வந்தது. ஆனால் பொருள் குறையவில்லை.

"என்ன சொல்றா?" என்றாள் சின்னவள்.

"என்னைத்தான். நடக்கட்டும்."

கழுவினாள். எச்சில் ஏறுவதற்குள் குழாய் இழுத்துக்கொண்டது. கன்னத்தோரம் வைத்திருந்த பஞ்சுருளையை மாற்றிக் காற்றடித்தாள். பல் மெல்ல வெளுத்து, மினுமினுப்பெல்லாம் போய், காய்ந்த சுண்ணாம்பாக நின்றது. பெரியவள் தன் தலையை ஒதுக்கினாள்.

"எட்டிப் பாருடி. இந்த வெள்ளதான். இது வரலன்னா எந்த டாக்டரையும் மேல பூச விடாத. என்னையும் சேத்துத்தான்."

சின்னவள் எட்டிப் பார்த்தாள். சுண்டுவின் "ஆ" அந்தச் சமயம் உச்சத்தில் இருந்தது. வாய் அகலத் திறந்திருந்தது. பூச்சு பள்ளத்துக்குள் இறங்கிற்று. விளக்கு எரிந்து அணைந்தது.

பெரியவள் கம்பியால் நெம்பினாள். அசையவில்லை. கம்பியைச் சிரிப்பு டாக்டரிடம் நீட்டினாள். "நீங்களும் பாருங்க." அவர் நெம்பினார். நன்றாக அழுத்தியே நெம்பினார். அசையவில்லை.

"விழுந்துச்சுன்னா உன்னை மறுபடியும் கடிப்பேன்" என்றாள் சுண்டு, வாய் கொப்பளித்துவிட்டு.

"கடி. அந்தப் பல்லாலேயே கடி."

சின்னவள் பையைத் தோளில் மாட்டினாள். நன்றி சொல்லும் பழக்கம் அந்த அக்கா தங்கைக்குள் எப்போதும் இருந்ததில்லை. "அடுத்த தடவையும் நான் இவர்கிட்டதான் சீட்டு வாங்குவேன்" என்றாள்.

"வாங்கு. ஸ்டூல்ல ஆள் இருக்கான்னு பாத்துட்டு உக்கார வை."

கூடத்தில் காத்திருந்த ஓர் அப்பா, தாமதத்தில் பொறுமையிழந்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "பால் பல்தானே. எப்படியும் விழப்போறது. இதுக்குப் போய் ரெண்டு டாக்டரா?"

பெரியவளுக்கு ஏழு வயதிலிருந்து பழக்கமான சூடு கழுத்தில் ஏறியது. திரும்பினாள். ஆனால் அவளுக்கு முன்னால் சிரிப்பு டாக்டர் வாசலுக்குப் போய்விட்டார்.

"உங்க புள்ளைய உள்ள கூட்டிட்டு வாங்க" என்றார். முகத்தில் துளிச் சிரிப்பில்லை. "அந்தப் பல்லு விழறதுக்கு எத்தன வருஷம் இருக்குன்னு சொல்றேன். அது வரைக்கும் அவன் எதால மெல்லுவான்னு நீங்க சொல்லுங்க."

அந்த அப்பா மகனின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். குழந்தை மிரண்டு பார்த்தது. சிரிப்பு டாக்டர் உடனே குனிந்து அதனிடம் ஏதோ சொன்னார், அது லேசாகச் சிரித்தது. பெரியவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, உறிஞ்சு குழாயைக் கையில் எடுத்துக்கொண்டாள். கதை குரங்குக் கதைதான். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். நடுவில் அவர் "துப்பி..." என்று தொடங்கியபோது தொண்டையைக் கனைத்தாள். அவர் அந்தச் சொல்லை விழுங்கிவிட்டுக் குரங்கை இன்னொரு மரத்தில் ஏற்றினார்.

உதவியாளைத் திரும்பக் கேட்டு இருவரும் மேலிடத்துக்குச் சேர்ந்தே போனார்கள். பார்க்கலாம் என்றார்கள். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பெரியவள் வாரம் தவறாமல் போய்க் கேட்கிறாள். அவள் படியேறும் சத்தம் கேட்டாலே அங்கே கதவைச் சாத்துகிறார்கள். அதுவரைக்கும் பூச்சு வேலையை ஒரு நாற்காலியில் இரண்டு பேராகச் செய்கிறார்கள். கூட்டம் நீள்கிறது, திட்டு விழுகிறது.

சில மாதம் கழித்துச் சின்னவள் சொன்னபடியே சிரிப்பு டாக்டரிடம் சீட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். பெரியவள் ஸ்டூலில் இருந்தாள். அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவோடு சரி. சுண்டுவின் பல்லில் பூச்சு அப்படியே இருந்தது, ஓரத்தில் மட்டும் லேசாகத் தேய்ந்து. கம்பியால் தட்டிப் பார்த்தார்கள், உறுதியாக இருந்தது.

"விழவேயில்லையா?" என்றாள் சுண்டு. குரலில் ஏமாற்றம்.

"விழல."

"அப்ப கடிக்க முடியாதா?"

"முடியாது" என்றாள் பெரியவள். "வாய மூடு. இப்ப மூடலாம்."